பெஞ்சிலிருந்து வந்த கீப்பர்: ஹாமண்ட் விஷயத்தில் நடந்தது என்ன?

12 அக்டோபர் 2025 – வாசகர் கேள்வி

"ஐஸ் ஹாக்கியில் யாருக்கும் தெரியாத கீப்பர் ஒருவர் வந்து வரிசையாக ஜெயித்தால் உடனே 'அற்புதம்' என்கிறார்கள். எதிரணிக்கு அவரைத் தெரியாது, விஷயம் அவ்வளவுதான். தெரிந்துகொண்டதும் கதை முடிந்துவிடும். ஆண்ட்ரூ ஹாமண்ட் போதாதா உதாரணத்துக்கு?"

12 அக்டோபர், இரவு

முழுக்க மறுக்க முடியாது. ஆனால் ஹாமண்டை ஒரே வரியில் தீர்த்துக்கட்டிவிட்டீர்கள். அந்தக் குளிர்காலத்தில் நான் ஒட்டாவாவில் இருந்தவன், சும்மா விட மனசில்லை.

2015 ஜனவரியில் என்எச்எல் (வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்) அணியான ஒட்டாவா செனட்டர்ஸின் முதல் கீப்பர் கிரெய்க் ஆண்டர்சனுக்குக் கையில் அடி. அடுத்தவர் ராபின் லேனர். பிப்ரவரி 16 அன்று கரோலினாவுடன் நடந்த ஆட்டத்தில் லேனர்மேல் சொந்த அணிக்காரர் கிளார்க் மெக்கார்தரே வந்து மோதினார். இரண்டு பேருக்கும் தலையில் அடி. மிச்சம் இருந்தது ஹாமண்ட். வயது 27. டிராஃப்டில் (இளம் ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) எந்த அணியும் எடுக்காத ஆள். பௌலிங் கிரீன் பல்கலைக்கழகத்துக்கு ஆடிவிட்டு 2013இல் ஒப்பந்தமானவர். அந்த சீசனில் கீழ்நிலை அணியான பிங்ஹாம்டனுக்கு ஆடி 7 வெற்றி, 13 தோல்வி, ஆட்டத்துக்குச் சராசரியாக மூன்றரை கோல் விட்டிருந்தார். இந்தக் கணக்கைப் பார்த்து யாரும் மேலே கூப்பிட மாட்டார்கள். வேறு ஆள் இல்லாததால் கூப்பிட்டார்கள்.

பிப்ரவரி 18, மான்ட்ரியலுக்கு எதிராக முதல் ஸ்டார்ட், அதாவது தொடக்கத்திலிருந்தே கோலில் நின்ற முதல் ஆட்டம். 4-2 வெற்றி. அடுத்த வாரம் கலிஃபோர்னியாவில் அடுத்தடுத்த இரண்டு இரவுகள்: அனஹைமுடன் 3-0, லாஸ் ஏஞ்சலஸுடன் 1-0. சீசன் முடியும்போது 20 வெற்றி, முழு நேரத்துக்குள் 1 தோல்வி, கூடுதல் நேரத்தில் 2. நூறு ஷாட் வந்தால் 94 தடுத்திருக்கிறார். பிப்ரவரியில் பிளேஆஃப் (சீசன் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) இடத்துக்கு 14 புள்ளி பின்னால் கிடந்த அணி, கடைசி நாளில் பிலடெல்பியாவை 3-1 என்று வென்று உள்ளே நுழைந்தது. அவ்வளவு தூரம் பின்தங்கிய அணி அதற்கு முன் பிளேஆஃபுக்குள் வந்ததே இல்லை.

எதிரணிக்குத் தெரியாது என்றால் எத்தனை ஆட்டத்துக்குத் தெரியாது? தூங்கி எழுந்து மீதி.

13 அக்டோபர்

தூங்கி எழுந்ததில் உங்கள் பக்கம் கொஞ்சம் சாய்ந்துவிட்டேன். காரணம் சொந்தக் கதை.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. அந்த ஊரில் பிறந்த பையன் ஹாக்கி ஸ்டிக்கைத் தொடாமல் பள்ளிக்கூடத்தைத் தாண்டுவது கஷ்டம். (இது தரையில் ஆடுகிற ஹாக்கி. இனிமேல் கீப்பர் என்றே எழுதுகிறேன். 'கோலி' என்று எழுதினால் பாதிப் பேர் விராட்டைத் தேடி வந்துவிடுவார்கள்.) நான் பள்ளி அணியில் இரண்டாம் கீப்பர். இரண்டாம் கீப்பர் என்றால் முதல் கீப்பருக்குப் பேட் கட்டிவிடுகிறவன் என்று அர்த்தம். ஹெல்மெட் இருவருக்கும் சேர்த்து ஒன்றுதான். அவன் வியர்வையோடு அதை மாட்டிக்கொண்டு பயிற்சியில் கடைசிப் பத்து நிமிடம் நிற்பேன்.

ஒரு போட்டிக்கு இரண்டு நாள் முன்பு அவனுக்கு அம்மை போட்டுவிட்டது. வீட்டு வாசலில் வேப்பிலை. நான் நின்றேன். மூன்றாவது நிமிடம் கால்களுக்கு நடுவே ஒன்று போனது. அதற்குப் பிறகு ஒன்றுகூட விடவில்லை. 2-1 ஜெயித்தோம். எதிரணி எங்கள் பழைய கீப்பரை மனதில் வைத்துத் திட்டம் போட்டு வந்திருந்தது. அவன் எப்போதும் முன்னால் ஓடி வருவான், அதனால் தலைக்கு மேல் தூக்கப் பார்த்தார்கள். நானோ கோல்கோட்டிலேயே வேர் விட்டவன். தூக்கியதெல்லாம் என் நெஞ்சுக்கு வந்து விழுந்தது. ஆக, தெரியாமல் இருப்பது உதவும். ஒரு ஆட்டத்துக்கு நிச்சயம் உதவும்.

13 அக்டோபர், மாலை

ஆனால் என்எச்எல்லில் மூன்றாவது ஆட்டத்துக்குள் எல்லாமே வீடியோவாகக் கையில் இருக்கும். எந்தப் பக்கம் சரிகிறார், கையுறையை எந்த உயரத்தில் பிடிக்கிறார், மண்டியிட்டதும் பக்கவாட்டில் எவ்வளவு வேகமாக நகர்கிறார் என்று அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து வைத்திருப்பார்கள். ஹாமண்ட் தன் முதல் 12 ஸ்டார்ட்டிலும் இரண்டு கோலுக்கு மேல் விடவில்லை. பாஸ்டனின் ஃபிராங்க் பிரிம்செக் 1938-39இல் வைத்த சாதனை அது, அதைச் சமன் செய்தார். பன்னிரண்டு ஆட்டம் வரை ஒருவரைத் தெரிந்துகொள்ள முடியவில்லை என்றால் எதிரணிகள் எல்லாம் எதற்குப் பயிற்சியாளர் வைத்திருக்கின்றன?

பிரிம்செக் கதையும் இதே ஜாதிதான். பாஸ்டன் ரசிகர்களின் செல்லப்பிள்ளை டைனி தாம்சனை டெட்ராய்ட்டுக்கு விற்றுவிட்டு மினசோட்டா பையன் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஊரே முறைத்தது. முதல் எட்டு ஆட்டத்தில் ஆறில் அவர் கோலே விடவில்லை. 'மிஸ்டர் ஜீரோ' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்த வருடமே லீகின் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை.

16 அக்டோபர்

"பின்னிங்டனை விட்டுவிட்டீர்களே" என்று ஒருவர். விடவில்லை, வரிசையில் நிற்கிறார்.

செயின்ட் லூயிஸ் புளூஸ், 2018-19. நவம்பரில் பயிற்சியாளரை நீக்கினார்கள். ஜனவரி 3 காலையில் 31 அணிகளில் கடைசி இடம். ஜோர்டன் பின்னிங்டன் சீசன் தொடக்கத்தில் அந்த நிறுவனத்தின் கீப்பர் வரிசையில் நான்காவது ஆள். அதற்கு முந்தைய சீசனில் அவரை நிறுத்தச் சொந்தக் கீழ்நிலை அணிகூட இல்லாமல், பாஸ்டனின் கீழ்நிலை அணியான பிராவிடன்ஸுக்குக் கடனாகக் கொடுத்திருந்தார்கள். ஜனவரி 7 அன்று பிலடெல்பியாவில் முதல் ஆட்டம். 25 ஷாட், 25ஐயும் தடுத்தார், 3-0. பிறகு 24 வெற்றி, 5 தோல்வி, கூடுதல் நேரத்தில் 1. ஜூன் 12, பாஸ்டனில் கோப்பைக்கான இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். முதல் இருபது நிமிடம் பாஸ்டன் முட்டித் தள்ளியது. 12 ஷாட்டையும் தடுத்தார். செயின்ட் லூயிஸ் அடித்தது நாலே ஷாட், அதில் இரண்டு கோல். கடைசியில் 4-1. 1967இல் லீகுக்கு வந்த அணிக்கு அதுதான் முதல் கோப்பை.

பதற்றமாக இருக்கிறதா என்று நிருபர் கேட்டதற்கு, "நான் பதற்றமாகத் தெரிகிறேனா?" என்று திருப்பிக் கேட்டார். டீ-ஷர்ட்டில் அச்சடித்து விற்றார்கள்.

17 அக்டோபர்

திருத்தம். "முதல் ஆட்டம்" என்று எழுதியது தப்பு, முதல் ஸ்டார்ட் என்று இருக்க வேண்டும். 2016 ஜனவரியிலேயே சில நிமிடங்கள் மாற்று ஆளாக இறங்கியிருக்கிறார். ஹாமண்டும் அப்படித்தான், 2014 பிப்ரவரியில் டெட்ராய்ட்டுடன் பாதியில் இறங்கினார். சுட்டிக்காட்டியவருக்குக் கண் கூர்மை. நன்றி சொல்ல மாட்டேன், அவர் ஏற்கெனவே ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறார்.

"ஐஸ் தரையைச் சீராக்கும் வண்டியை ஓட்டிய 42 வயது டேவிட் ஏர்ஸ்?" என்று கேட்டவருக்கு: 2020 பிப்ரவரியில் டொராண்டோவில் ஒரே ஒரு இரவு. கரோலினாவின் இரண்டு கீப்பரும் அடிபட்டதும் இறங்கி ஜெயித்தார். நல்ல கதை. ஆனால் மறுநாளும் வேலைக்கு வர வேண்டியவர்களைப் பற்றித்தானே இங்கே பேச்சு.

23 அக்டோபர்

கணக்கு போட்டுப் பார்த்தேன். அலுப்பாக இருந்தால் இந்தக் குறிப்பைத் தாண்டிவிடுங்கள்.

2014-15இல் லீக் முழுக்கச் சராசரித் தடுப்பு விகிதம் ஏறக்குறைய 91.5. ஹாமண்ட் சந்தித்தது சுமாராக 700 ஷாட். சராசரிக் கீப்பர் அங்கே நின்றிருந்தால் 60 கோல் போயிருக்கும். இவரிடம் போனது நாற்பது சொச்சம். வித்தியாசம் 18 கோல். இரண்டு மாதத்தில் 18 கோல் என்றால் மலை. அதே சீசனில் கேரி பிரைஸ், மான்ட்ரியலின் கேரி பிரைஸ், கீப்பருக்கான விருதோடு ஒட்டுமொத்தச் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் வாங்கிய மனிதர், அவருடைய விகிதமே 93.3தான். பிரைஸைவிட ஹாமண்ட் சிறந்தவர் என்று ஒட்டாவாவில் குடித்துவிட்டுகூட யாரும் சொன்னதில்லை.

அடுத்த சீசனில் ஹாமண்டின் விகிதம் 91.4. அதாவது சராசரி. 94ஐப் பார்த்துவிட்ட கண்ணுக்கு அது வீழ்ச்சி. பிங்ஹாம்டனில் கிட்டத்தட்ட 90க்கு ஆடிக்கொண்டிருந்த ஆளை நினைத்துப் பார்த்தால் 91.4 முன்னேற்றம்தான். எந்த ஊரிலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

ஆகவே கேள்வி கேட்டவரே, தெரியாமை காரணமில்லை, அதிர்ஷ்டம் பாதிக்கு மேல் இருக்கும் என்பது இன்றைய என் கட்சி. நாளைக்கு மாறலாம்.

24 அக்டோபர்

பர்கர் பற்றி எழுதாமல் ஒட்டாவாக்காரன் இந்த இழையை விட்டுப் போக முடியாது. 'ஹாம்பர்க்ளர்' என்பது மெக்டொனால்ட்ஸ் விளம்பரத்தில் வரும் பர்கர் திருடனின் பெயர். ஹாமண்ட் என்ற பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஜெயித்ததும் ரசிகர்கள் ஐஸ்மேல் பர்கர் எறிய ஆரம்பித்தார்கள். பாஸ்டனை வென்ற இரவு கர்டிஸ் லசார் என்ற இளம் ஆட்டக்காரர் ஒன்றைக் கீழேயிருந்து எடுத்துக் கடித்தார். சாப்பாட்டை வீசுவதா என்று என் அம்மா ஊரிலிருந்து போனில் திட்டியது தனி. நான் எறியவில்லை. விமான நிலையச் சாலை வழியே மைனஸ் இருபதில் பஸ்ஸுக்கு நின்றவன் சூடான பர்கரைத் தூக்கி எறிவானா?

வாழ்நாள் முழுக்க இலவசச் சாப்பாட்டுக்கு அவருக்கு ஒரு அட்டை கொடுத்தார்கள். தடுப்பு விகிதம் குறைந்தால் பிடுங்கிக்கொள்வோம் என்று அதில் நிபந்தனை இல்லை என நம்புகிறேன்.

2 நவம்பர்

காலை ஆறு மணிக்கு மகனைப் பயிற்சிக்கு அழைத்துப் போய்விட்டு எழுதுகிறேன். அவனும் கீப்பர். நான் சொல்லி வரவில்லை, தானாகப் போய் அந்த இடத்தில் நின்றான். செலவை எழுதினால் வீட்டம்மா படித்துவிடுவாள்.

அரங்கத்துத் தடுப்புக் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று ஒன்று பார்த்தேன். ஐஸ் வண்டி தண்ணீர் விட்டுப் போனதும் தரை வழவழவென்று கண்ணாடி மாதிரி இருக்கும். கீப்பர் பையன்கள் வந்ததும் முதல் வேலையாகக் கோலுக்கு முன்னால் இருக்கும் நீலக் கட்டத்துக்குள் நின்று இடது, வலது, இடது, வலது என்று ஸ்கேட்டின் விளிம்பால் சுரண்டுகிறார்கள். வெள்ளையாகத் தூள் கிளம்புகிறது. அப்படிச் சொரசொரப்பாக்கினால்தான் கால் பிடிக்கும். அப்புறம் ஸ்டிக்கால் இடது கம்பத்தில் ஒரு தட்டு, வலதில் ஒரு தட்டு. திரும்பிப் பார்க்காமல் கோல் எங்கே இருக்கிறது என்று உடம்புக்குச் சொல்லிவைப்பது. ஆறடி அகலம், நாலடி உயரம். எங்கள் தரை ஹாக்கி கோலில் பாதி அகலம்தான், ஆனால் கெட்டி ரப்பர் பக், உறைய வைத்து வேறு கொண்டுவருகிறார்கள், பேடில் பட்டால் கதவை உதைத்தது போலச் சத்தம்.

அப்பாக்கள் எல்லோரும் தடுத்ததைப் பார்த்துக் கைதட்டினார்கள். பயிற்சியாளர் பார்த்தது, தடுத்த பக் எங்கே போய் விழுகிறது என்பதை. மூலைக்குப் போனால் சரி, நெஞ்சிலேயே ஒட்டிக்கொண்டால் இன்னும் சரி, நடுவில் விழுந்தால் திட்டு. பிங்ஹாம்டன் எண்களை வைத்து ஹாமண்டை எடைபோட்டேனே, அந்த எண்களில் இது வராது.

9 நவம்பர்

இழை திசை மாறுகிறது, தடுக்க முடியவில்லை. எங்கள் பள்ளி அணியில் ஃபுல்பேக் ஆடியவன் இப்போது மதுரையில் இருக்கிறான். இந்த மாதக் கடைசியில் சென்னையிலும் மதுரையிலும் ஜூனியர் உலகக் கோப்பை தொடங்குகிறது, அதற்கு டிக்கெட் விஷயமாகப் பேசியபோது இந்த இழையின் சுட்டியை அனுப்பினேன். படித்துவிட்டு நேற்று ராத்திரி கூப்பிட்டான்.

"நீ அன்னைக்குத் தடுத்தது மொத்தம் நாலு பந்துடா. மீதியை நாங்க டி-க்குள்ளயே (கோலுக்கு முன்னால் இருக்கும் அரைவட்டம்) வரவிடல. உன்னை நம்பி விட முடியுமா? நான் அந்த ஆட்டம் முழுக்கப் பாதி மைதானத்தைத் தாண்டல, தெரியுமா? ஒண்ணை முழங்கால்ல வாங்கினேன், அதுக்கு பெனால்டி கார்னர் வேற கொடுத்தான்."

தெரியாது. முப்பது வருடமாக எனக்குத் தெரியாது. பழைய கீப்பர் நின்றால் இவன் பந்தை எடுத்துக்கொண்டு எதிரணிக் கோல்வரை போவான். அன்று போகவில்லை. நான் அதைக் கவனித்ததாக ஞாபகம்கூட இல்லை. என் ஞாபகத்தில் நான் மட்டும்தான் இருக்கிறேன்.

9 நவம்பர், பின்னிரவு

சரி, இதை ஹாமண்டுக்குப் பொருத்திப் பார்க்கலாமா? எதிரணிக்கு அவரைத் தெரியாது என்பது உங்கள் வாதம். சொந்த அணிக்கும்தான் தெரியாது! புது ஆள் நிற்கிறார் என்றதும் முன்னால் நிற்கிறவன் இரண்டு அடி பின்னால் வருகிறான், குறுக்கே விழுகிறான். ஐஸ் ஹாக்கியில் உடம்பால் ஷாட்டைத் தடுப்பது குற்றமில்லை, என் நண்பனுக்குக் கிடைத்த பெனால்டி கார்னர் அங்கே கிடையாது. பிறகு புது ஆள் ஜெயிக்க ஜெயிக்க நம்பிக்கை வருகிறது, நம்பிக்கை வந்ததும் இரண்டு அடி மறுபடி முன்னால் போகிறது.

இதற்கு எதிராகவும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த 700 ஷாட்டை ஆட்ட நேரத்தால் வகுத்தால் ஆட்டத்துக்கு 30 வருகிறது. யாரும் அவரைப் பஞ்சில் சுற்றி வைக்கவில்லை. ஷாட் எங்கேயிருந்து வந்தது என்பது வேறு விஷயம். இன்னொன்று, ஒட்டாவாவின் முன்வரிசை ஆட்டக்காரர் மார்க் ஸ்டோன் அந்த வசந்தத்தில் வெறிபிடித்தது போல ஆடினார். பிலடெல்பியாவில் அந்தக் கடைசி நாள் இரண்டு கோல் அவருடையது. எல்லோருமாகச் சேர்ந்து இழுத்த தேரில் உச்சியில் நின்றவருக்குப் பேர். என்னையும் சேர்த்து.

15 நவம்பர்

"பிளேஆஃபில் என்ன ஆனது, அதை ஏன் மறைக்கிறீர்கள்?"

மறைக்கவில்லை, வலிக்கிறது. முதல் சுற்று மான்ட்ரியலுடன், எதிர்முனையில் பிரைஸ். ஹாமண்ட் முதல் இரண்டு ஆட்டமும் நின்றார், 4-3, கூடுதல் நேரத்தில் 3-2, இரண்டும் தோல்வி. மூன்றாவது ஆட்டத்துக்கு ஆண்டர்சன் திரும்பி வந்துவிட்டார். 20 வெற்றி கொடுத்தவரை இரண்டு தோல்வியில் உட்கார வைத்தார் பயிற்சியாளர் டேவ் கேமரன். அன்று நான் டிவி முன்னால் கத்தினேன். ஆனால் ஆண்டர்சன் நின்ற நாலு ஆட்டத்தில் மொத்தம் போனது ஆறேழு கோல்கூட இல்லை. தொடர் ஆறாவது ஆட்டத்தில் முடிந்தது, 2-0, ஜெயித்தது மான்ட்ரியல். கத்தியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், பத்து வருடம் தாமதமாக.

கீப்பர் கென் டிரைடன் கதை இதற்கு நேர் எதிர். செப்டம்பரில் மறைந்தார், அதனால் ஞாபகம். 1971இல் மான்ட்ரியலுக்கு வழக்கமான சீசனில் ஆறே ஆட்டம் ஆடியிருந்த சட்டக் கல்லூரி மாணவரைப் பிளேஆஃபில் பாபி ஓர், எஸ்போசிட்டோ என்ற நட்சத்திரங்கள் இருந்த பாஸ்டனுக்கு எதிராக நிறுத்தினார்கள். ஏழு ஆட்டத்தில் பாஸ்டனைச் சாய்த்து, கோப்பையும் வாங்கி, பிளேஆஃபின் சிறந்த ஆட்டக்காரரும் ஆனார். புதுமுக விருது அதற்கு அடுத்த வருடம்தான்! வரிசை தலைகீழ்.

21 நவம்பர்

இத்தனை நாள் எழுதியும் ஒருவரைப் பற்றி யாருமே கேட்கவில்லை. நானும் மறந்துபோயிருந்தேன். மைக் காண்டன்.

பிரின்ஸ்டன் படிப்பு. இவரையும் டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. 2015 இலையுதிர்காலத்தில் பிரைஸுக்கு அடிபட்டதும் மான்ட்ரியல் இவரைத்தான் நிறுத்தியது. முதல் சீசனிலேயே 55 ஆட்டம். முதல் ஒன்பது ஆட்டத்தையும் ஜெயித்துத் தொடங்கிய அணி கடைசியில் பிளேஆஃபுக்கே போகவில்லை, பழியில் பெரும்பங்கு இவர் தலையில். அடுத்த வருடம் மான்ட்ரியல் விடுவித்தது, பிட்ஸ்பர்க் எடுத்தது, நவம்பர் தொடக்கத்தில் ஒட்டாவாவுக்கு அனுப்பிவிட்டது.

ஒட்டாவாவில் அப்போது ஆண்டர்சனின் மனைவிக்குப் புற்றுநோய். ஆண்டர்சன் வீட்டுக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். அக்டோபர் 30 அன்று எட்மண்டனில் ஆடித் தடுத்துத் தள்ளினார், 2-0. எதிரணிக் கீப்பர் கேம் டால்பட் உள்ளே போகாமல் பெஞ்சிலேயே நின்று கைதட்டினார். பிறகு ஆண்டர்சன் நீண்ட விடுப்பில் போனார். ஹாமண்ட் அடிபட்டுக் கிடந்தார். காண்டன் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். அந்த சீசனில் ஒட்டாவாவுக்கு 40 ஆட்டம், 19 வெற்றி. பர்கர் இல்லை, டீ-ஷர்ட் இல்லை. தடுப்பு விகிதம் ஹாமண்டின் 'வீழ்ச்சி' வருடத்தைப் போலவே 91 சொச்சம். அந்த அணிதான் பிளேஆஃபில் மூன்றாவது சுற்றின் ஏழாவது ஆட்டம் வரை, இரண்டாவது கூடுதல் நேரம் வரை போனது. அங்கே நின்றது திரும்பி வந்த ஆண்டர்சன்.

கேள்வி கேட்டவரே, காண்டனை எல்லோருக்கும் தெரியும், மான்ட்ரியலில் அடித்துத் துவைத்த பிறகுதான் இங்கே வந்தார். தெரிந்தும் நின்றார். உங்கள் வாதத்துக்கு என்னிடம் இருக்கும் பதில் இவர்தான், ஹாமண்ட் இல்லை. ஆறு வாரம் தப்பான ஆளை வைத்து வாதாடியிருக்கிறேன்.

22 நவம்பர்

"அப்போ ஹாமண்ட் ஒரே சீசன் ஆள்தானே?"

ஏறக்குறைய. ஆனால் 2018 ஏப்ரல், அப்போது அவர் கொலராடோ அணியில். முதல் கீப்பருக்கு அடி, இரண்டாமவருக்கு அடி, பழைய கதை. நாஷ்வில்லில் பிளேஆஃப் முதல் சுற்றின் ஐந்தாவது ஆட்டத்தில் ஹாமண்டை இறக்கினார்கள். 44 ஷாட்டைத் தடுத்தார், 2-1. அடுத்த ஆட்டம் 5-0 தோல்வி, சீசன் முடிந்தது. பின்னிங்டனோ இந்த பிப்ரவரியில் அதே பாஸ்டன் அரங்கில் கனடாவுக்காக நின்று 31 தடுத்து, அமெரிக்காவைக் கூடுதல் நேரத்தில் 3-2 என்று தோற்கடிக்கக் காரணமாக இருந்தார்.

26 நவம்பர்

திருத்தங்கள். ஒன்று, அக்டோபர் 24 குறிப்பில் விமான நிலையச் சாலை என்று எழுதியிருக்கிறேன். அரங்கம் கனாட்டாவில், ஊரின் மறு கோடியில். நான் அன்று நின்றது வீட்டுப் பக்கம். மறந்து கலந்துவிட்டேன்.

இரண்டு, மதுரைக்காரன் மறுபடி கூப்பிட்டான். அந்த ஆட்டம் 2-1 இல்லையாம், 3-1ஆம். மூன்றாவது கோலை அடித்தது தான்தான் என்கிறான். பாதி மைதானத்தைத் தாண்டாத ஃபுல்பேக்.